நீளமுகத்தார்

சாம்பவி கடவுளின் மூக்கை வரைந்துகொண்டிருந்த நேரத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை தன்னைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்ற செய்தி அவளுக்குக் கிடைத்தது.

கொண்டுவந்தவள் அம்மா யோகாம்பாள். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கைத் துடைத்துக் கழுவிவிட்டு, கபோ சந்தையில் கத்தரிக்காயும் மீனும் வாங்கிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத அந்தப் பழைய கட்டடத்தின் நாலாம் மாடிக்கு ஏறி வந்தவள், மூச்சு அடங்கும்வரைகூடக் காத்திராமல் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள். காத்திருந்தால் சொல்லத் துணிவு வந்திருக்காது.

"பெடியன் பேர் பிரசாந். ஏசி பூட்டுற வேலை. போர்கோ வெக்கியோவில இருக்கினம். தாய் புஸ்பவதி, கோயிலில கண்டிருப்பாய். பாக்க வருகினம், அவ்வளவுதான்."

"மா, அம்மா…" என்றாள் சாம்பவி. ஏறி நின்ற முக்காலியை விட்டு அவள் இறங்கவில்லை. இத்தாலிய மொழியில் 'மா' என்றால் 'ஆனால்'. பலேர்மோவில் பிறந்து வளர்ந்த சாம்பவி தாயோடு போடும் சண்டைகள் எல்லாம் இந்த 'மா'வில்தான் தொடங்கும்.

"மாவும் இல்லை, புட்டும் இல்லை. உதை முதல்ல கழட்டு. வாற சனம் கதவைத் திறந்தவுடன உந்த மூக்கிலதான் முழிக்க வேணும்."

உது என்று அவள் சொன்னது, வாசல் கதவிலிருந்து சமையலறை வரைக்கும் ரயில்பெட்டி மாதிரி நீண்டு கிடந்த நடையின் ஒரு பக்கச் சுவர் முழுவதையும்தான். சாம்பவி பல்கலைக்கழகத்தில் சமய வரலாறு படித்தாள். அது 2016ஆம் ஆண்டு, இறுதி ஆய்வேட்டுக்கு நாலைந்து மாதமே இருந்தது. அவள் எடுத்துக்கொண்ட விஷயம் யூத ஞானிகளின் படங்கள். கடவுளுக்கு உருவம் செய்யக்கூடாது என்ற கண்டிப்பான சமயத்துக்குள்ளேயே சிலர், கண்ணுக்குத் தெரியாத அவரிலிருந்து இந்த உலகம் எப்படி இறங்கி வந்தது என்பதை வட்டமும் கோடுமாக வரைந்துவைத்தார்கள். அந்தப் படத்துக்கு அவர்கள் வைத்த பெயர் மரம். முதலில் பத்து வட்டங்கள் மட்டும் இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போக மரம் வளர்ந்தது. முகங்கள் வந்தன, தலைமயிரும் தாடியும் வந்தன, தாடியின் ஒவ்வொரு இழைக்கும் ஒரு பெயர் வந்தது. கடைசியில் தோல்சுருளில்தான் அடக்கலாம் என்ற அளவுக்கு நீண்டுவிட்டது.

அப்படி ஒரு சுருள் வடக்கே ஒரு நூலகத்தில் இருந்தது. துண்டு துண்டாக எடுத்த படங்களைத்தான் அனுப்பினார்கள். ஒரு படத்தில் தொடங்கிய கோடு அடுத்த படத்தில் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துச் சாம்பவிக்குத் தலை சுற்றியது. "உன் கையாலேயே ஒருமுறை முழுதாக வரைந்து பார், அப்போதுதான் பிடிபடும்" என்றார் அவளுடைய பேராசிரியை. முழு நீளத்துக்கும் இடம் இருந்த ஒரே சுவர் இந்த நடைதான். சுவர் நீளமே தவிர உயரம் இல்லை. ஆகவே நிமிர்ந்து நிற்கவேண்டிய மரத்தைச் சாய்த்துத்தான் ஒட்டவேண்டி வந்தது. வாசலுக்குப் பக்கத்தில் பெரிய முகம் ஒன்று மூக்கைக் கூரைக்கு நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. "எங்கட பெருமாள் மாதிரிப் படுத்திருக்கிறார்" என்று முதல்நாள் யோகாம்பாள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் அதிகம் பார்த்ததில்லை.

"கழட்டேலாது அம்மா. அப்பா ஒட்டின பசை."

அது உண்மை. கால்சாப் பகுதியில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோரைப் பராமரிக்கும் அப்பா ஞானசேகரத்துக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கோதுமை மாவில் பசை காய்ச்சி, மூலை மூலையாக நீவி, தாளையும் சுவரையும் ஒன்றாக்கிவிட்டிருந்தார்.

"அப்ப கிழி."

"கிழிக்கக் கூடாது. உதில அவையின்ர சாமியின்ர பேர் கன இடத்தில இருக்கு. கடவுளின்ர பேர் எழுதின தாளை யூதர் கிழிக்கமாட்டினம், எரிக்கமாட்டினம். பழசாப் போனால், செத்த ஆக்களைப் புதைக்கிற மாதிரி நிலத்தில தாப்பினம்."

தமிழ்க்கடைக்காரர் வருடாவருடம் சும்மா கொடுக்கும் முருகன் படக் கலண்டரை எறிய மனம் வராமல், பழைய கலண்டர்களை எல்லாம் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருப்பவள் யோகாம்பாள். கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தாள்.

"சரி. அப்ப மூடுவம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த நடை சீலைக்கடை போலக் காட்சியளித்தது. ஞானசேகரம் கூரையோரமாகக் கொடி கட்டியிருந்தார். யோகாம்பாளின் சீலைகள், கூறைச்சீலை உட்பட, கதவிலிருந்து குசினி வரை வரிசையாகத் தொங்கின.

புஸ்பவதி கலகலப்பான மனுஷி. வன்னியிலிருந்து சண்டை முடிந்து இரண்டு வருடத்தின் பின் கணவனிடம் வந்து சேர்ந்தவள், பொலித்தேயாமா அரங்குக்குக் கிட்ட ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் வேலை. கோயிலுக்கும் தவறமாட்டாள், கத்தோலிக்கப் புனிதை சாந்தா றொசாலியாவுக்கு மலையேறவும் தவறமாட்டாள். அவளுக்குப் பின்னால், படிகளில் தலை இடிக்காமல் குனிந்தபடி மகன் பிரசாந் வந்தான். கணவனுக்கு அன்றைக்கு வேலை.

"என்ன யோகம், சீலைக்கடை போட்டிருக்கிறியளோ?"

"இல்லையக்கா, பூச்சி பிடிக்காமல் காத்தாட விட்டனான்" என்றாள் யோகாம்பாள். இந்தப் பதிலை அவள் காலையிலேயே யோசித்து வைத்திருந்தாள்.

அவள் யோசிக்காத விஷயம் ஒன்றுதான். புஸ்பவதிக்குச் சீலை என்றால் உயிர். நல்ல சீலை ஒன்றைக் கண்டால் கரையைத் தடவி, பாரத்தைப் பார்த்து, எங்கே எடுத்தது என்று கேட்காமல் அவளால் கடந்து போக முடியாது. கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய அரக்குச் சிவப்புக் கூறைச்சீலையை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"அந்தக் காலத்துச் சரிகை எல்லோ! இது காஞ்சிபுரமோ?"

ஏந்திய சீலைக்குப் பின்னால் ஒரு கண் இருந்தது. சாப்பாட்டுக் கோப்பை அளவு. இமை இல்லை. அதைச் சுற்றி எறும்புச் சாரி மாதிரிப் புரியாத எழுத்துகள்.

"ஐயோ, முருகா!"

சீலை அவள் கையிலிருந்து விழுந்தது. கொடியும் சேர்ந்து விழுந்தது. அதனோடு எல்லாச் சீலைகளும் சரசரவென்று இறங்க, முகமும் தாடியும் வட்டங்களும் கோடுகளும் சமையலறை வரைக்கும் வெளியே வந்துவிட்டன.

"சூனியம்! உது சூனியம்!" என்று புஸ்பவதி பிரசாந்தின் கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரியும் உந்த வட்டமும் கோடும். எங்கட கிணத்தடியிலயும் உப்பிடித்தான் ஒரு செப்புத் தகடு தாட்டு வைச்சவங்கள். அடுத்த மாசமே இந்தப் பெடியன்ர தேப்பன் சைக்கிளால விழுந்து காலை முறிச்சவர்!"

"இல்லையம்மா, இது பிள்ளையின்ர படிப்புக்கு…" என்று ஞானசேகரம் பலகாரத் தட்டோடு நின்றார்.

"ஆரும் சூனியம் படிப்பினமோ?"

தேத்தண்ணி குடிக்கவில்லை, பயித்தம்பணியாரம் தொடவில்லை. புஸ்பவதி படியிறங்கிய வேகத்தில் இரண்டாம் மாடிக் கிழவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிரசாந் மட்டும் வாசலில் ஒரு கணம் நின்றான். சாம்பவியைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தான்.

"அவர் ஏன் படுத்திருக்கிறார்?" என்று கேட்டான்.

"சுவர் நீளம். உயரமில்லை" என்றாள் சாம்பவி.

"ஓ" என்றுவிட்டு அவனும் இறங்கிப் போனான். இத்தனை மாதத்தில் அந்தப் படத்தைப் பற்றி ஒருவர் கேட்ட உருப்படியான முதல் கேள்வி அது என்று சாம்பவிக்குப் பட்டது.

கதை இரண்டே நாளில் ஊர் சுற்றியது. அதற்கு யோகாம்பாளும் ஒரு காரணம். ஆய்வேட்டை இத்தாலிய மொழியில் 'தேசி' என்பார்கள். யோகாம்பாள் பல மாதமாகக் காண்பவர்களிடம் எல்லாம், "பிள்ளை தேசி எழுதிறாள், அதால ஒரு இடமும் வாறேல்லை" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். தேசி என்றால் ஊர்ச்சனத்துக்கு எலுமிச்சைதான்; இப்போது இரண்டு செய்தியும் ஒன்றாகிவிட்டன. ஞானசேகரம் வீட்டில் தேசிக்காயில் மந்திரம் எழுதுகிறார்களாம் என்று சந்தையில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னதை யோகாம்பாள் தன் காதாலேயே கேட்டாள். மீன்காரன் மிச்சக்காசை நீட்டியதுகூடத் தெரியாமல் வீட்டுக்கு வந்தாள்.

கலியாணப் பேச்சு முறிந்ததில் சாம்பவிக்கு முதலில் நிம்மதிதான். ஆனால் அம்மா சமைக்காமல் நடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் அந்த நிம்மதி போய்விட்டது.

"சொறி அம்மா" என்றாள்.

"நீ என்னத்துக்குச் சொறி சொல்லுறாய்? பிழை என்னிலதான். சூனியம் எண்டு அவ கத்தேக்கை, இல்லை, இது இன்னது எண்டு சொல்ல எனக்கு ஒரு சொல்லும் வாயில வரேல்லை. என்ர பிள்ளை என்ன படிக்கிறாள் எண்டு எனக்கே தெரியாது." யோகாம்பாள் கதிரையைச் சுவருக்குக் கிட்ட இழுத்தாள். "இப்ப சொல்லு. துவக்கத்தில இருந்து சொல்லு. தமிழில சொல்லு."

தமிழில் சொல்வது லேசாக இருக்கவில்லை. சாம்பவி இவ்வளவும் படித்தது இத்தாலிய மொழியிலும் ஆங்கிலத்திலும். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் தடக்கினாள். தடக்கிய இடத்தில் அம்மா ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாள். வேலையால் வந்த ஞானசேகரம் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று கேட்டார். பெரிய முகம் பொறுமை, அதற்குக் கீழே வரும் சின்ன முகம் பொறுமை இல்லாதது என்று சாம்பவி சொன்னபோது, "அப்ப மேல இருக்கிறது அப்பா, கீழ இருக்கிறது நான்" என்றாள் யோகாம்பாள். அன்றைக்கு மிச்சத்தைப் பேசிக்கொண்டே மூன்று பேரும் பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள்.

இதற்கிடையில் போர்கோ வெக்கியோவில் வேறொன்று நடந்தது. பிரசாந் வேலைக்குப் புறப்படும்போது தாயிடம் சொன்னான்:

"அம்மா, எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு."

புஸ்பவதி கையிலிருந்த கரண்டியைப் போட்டாள். "நான் அண்டைக்கே நினைச்சனான்! பிடிச்சிட்டுது!"

"அந்தப் பிடிக்கிறது இல்லையம்மா…"

"எந்தப் பிடிக்கிறது எண்டு எனக்குத் தெரியும்!"

அவள் நேரே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே இருந்தவள் புனிதமலர். திருகோணமலைப் பக்கத்து ஆள். செபக்கூட்டத்துக்குப் போகிறவள். அவள் தலையில் கைவைத்துச் செபித்தால் பேய் நிற்காது என்று சைவக்காரரும் நம்பினார்கள். புஸ்பவதியோ ஒரு சாமியையும் பகைத்துக்கொள்ளாதவள். எந்தச் சாமி உதவி செய்தாலும் அவளுக்குச் சரி.

மறுநாள் பின்னேரம் இருவரும் நாலு மாடி ஏறிக் கதவைத் தட்டியபோது யோகாம்பாள் மட்டும்தான் வீட்டில் இருந்தாள்.

"யோகம், கோவிக்காதை. என்ர பிள்ளையின்ர சீவியம். இவ ஒருக்கால் செபம் பண்ணட்டும். பேந்து நாங்கள் போறம்."

யோகாம்பாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் வந்தவர்களை வாசலில் நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. உள்ளே விட்டாள். புனிதமலர் தலைக்கு முக்காடு போட்டு, கண்ணை மூடி, இரண்டு கையையும் உயர்த்தி, கட்டடம் அதிரச் செபிக்கத் தொடங்கினாள். அந்தகாரத்தின் வல்லமைகளை விலகச் சொன்னாள். எதிரியின் கட்டுகள் முறியட்டும் என்றாள். கட்டு முறிகிறதா என்று பார்க்க ஒருமுறை கண்ணைத் திறந்தாள். திறந்த கண்ணை அவள் பிறகு மூடவில்லை.

"யோகம்… இது என்ன எழுத்து?"

"எபிரேயு. யூதர்ட எழுத்து."

"எபிரேயுவோ!" அவளுடைய செபக்கூடத்தில், எருசலேமுக்குப் போய்வந்த ஒருவர் கொண்டுவந்து தொங்கவிட்ட துணி ஒன்றில் இந்த எழுத்துகள் இருந்தன. வாசிக்கத் தெரியாவிட்டாலும் அவளுக்கு அவை பழகிய முகங்கள். "கர்த்தர் மோசேயோட கதைச்ச பாசை!" புனிதமலர் அந்த இடத்திலேயே முழங்காலில் நின்றாள்.

"அடியே, நீ ஏன் கும்பிடுறாய்? நாங்கள் கலைக்க எல்லோ வந்தனாங்கள்!" என்று புஸ்பவதி அவளைத் தோளில் பிடித்து இழுத்தாள்.

சாம்பவி பல்கலைக்கழகத்திலிருந்து வந்து கடைசிப் படியில் கால் வைத்தது அப்போதுதான். பாதி திறந்த கதவு வழியாக இருவரின் முதுகும், அவர்களுக்கு முன்னால் அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்ற அம்மாவும் தெரிந்தார்கள். அவள் உள்ளே போகவில்லை.

"இருங்கோ, நான் சொல்லுறன்" என்றாள் யோகாம்பாள். "இந்தக் கரையில பாருங்கோ, வெறும் வெள்ளைத் தாள். அதுதான் முதல் ஆள். முடிவில்லாதவர். அவரைக் கீறேலாது. அதால என்ர பிள்ளை கீறேல்லை. பேந்து அவரிட்டயிருந்து வெளிச்சம் இறங்குது. இறங்கிற வெளிச்சத்தைப் பிடிக்கக் குடம் வேணுமெல்லோ? இந்த வட்டம் எல்லாம் குடம். ஒண்டு அறிவு. ஒண்டு இரக்கம். இரக்கத்துக்கு நேர இஞ்சாலப் பக்கம் கோவம்."

"சாமிக்கும் கோவமோ?" என்றாள் புஸ்பவதி.

"பின்னை? ஆனால் தனிய நிக்கவிடேல்லை. ரெண்டுக்கும் நடுவில வடிவு நிக்குது."

"அப்ப உந்தக் கண்? ஏன் மூடாமல் பாத்துக்கொண்டிருக்குது?"

"இமை இல்லை. மூடினால் உலகம் நிண்டுபோமாம். இவர் நீளமுகத்தார். அவையின்ர பாசையில மூக்கு நீளமெண்டால் பொறுமைக்காரர் எண்டு கருத்தாம். மூச்சு உள்ள போய் வர நேரமெடுக்குமெல்லோ, அதுக்குள்ள கோவம் ஆறிப்போமாம்."

புஸ்பவதி அந்த மூக்கை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள். யோகாம்பாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அகப்பையால் தாளைத் தொடாமல் காட்டிக்கொண்டே நடந்தாள்.

"ஒருக்கால் வெளிச்சம் கனத்துப்போய்க் கீழ்க்குடங்கள் உடைஞ்சு போச்சுது. ஆரும் உடைக்கேல்லை, அதுகளால தாங்கேலாமப் போச்சுது. உடைஞ்ச துண்டெல்லாம், வெளிச்சம் ஒட்டினபடி, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்காம்."

குடங்கள் உடைந்த கதையைச் சொல்லவேண்டிய இடம் அந்த வட்டங்கள் அல்ல. அது இன்னும் மேலே வரவேண்டும். வெளியில் நின்ற சாம்பவி திருத்துவதற்கு வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள்.

"அதை ஆர் பொறுக்கிறது?" என்று புஸ்பவதி கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"நாங்கள்தானாம்."

"ஓம். பொறுக்கத்தான் வேணும்" என்றாள் புஸ்பவதி. வன்னியிலிருந்து என்னென்ன உடைந்ததை விட்டு, என்னென்ன அள்ளிக்கொண்டு வந்தாளோ. பொறுக்கி எடுப்பதைச் சொன்னாளா, பொறுத்துக்கொள்வதைச் சொன்னாளா என்று சாம்பவிக்குத் தெரியவில்லை. தன் தாய்மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பது அந்தப் படியில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் உள்ளே போனாள். புஸ்பவதி திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. நீ இதைக் கும்பிடுறனியோ?"

"இல்லை அன்ரி. படிக்கிறன். அவ்வளவுதான்."

"கும்பிடாத சாமியை என்னத்துக்கு இவ்வளவு வடிவாக் கீறினனீ? தாடியில ஒவ்வொரு மயிரும் தனித்தனியா நிக்குது."

பரீட்சையில் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். சாம்பவி அந்தத் தாடியைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியாது அன்ரி. கீறக் கீற, அரைகுறையா விட மனம் வரேல்லை" என்றாள்.

"தேப்பன்ர குணம்" என்றாள் யோகாம்பாள்.

புஸ்பவதி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு திரும்ப முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அவளால் முடியாத காரியம். அன்று மூன்று பெண்களும் தேத்தண்ணி குடித்தார்கள். முன்பு தொடாமல் போன பயித்தம்பணியாரத்தின் மிச்சத்தை முடித்தார்கள். போகும்போது புனிதமலர் சாம்பவியைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பெயரை அந்த எழுத்தில் ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னாள்.

ஆய்வேட்டுப் பரீட்சை யூலை மாதம் வந்தது. அதற்குமுன் தாளைச் சுவரிலிருந்து எடுக்கவேண்டும். இந்தப் பிரச்சினையைக் கேள்விப்பட்டதும் பிரசாந் ஒரு சனிக்கிழமை நீராவி அடிக்கும் இயந்திரம் ஒன்றை வேலையிடத்திலிருந்து இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் ஏணியில் நின்று தாளில் ஆவி அடித்தான். சாம்பவி அவனுக்குப் பின்னால் நின்று, இளகிய தாளைத் தட்டைக் கத்தியால் மெல்ல மெல்லக் கிளப்பினாள். கீழே ஞானசேகரம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். தாள் ஒவ்வொரு சாணாகக் கழன்று வர, தன் பசையைப் பற்றி அவருக்குப் பெருமையும் கவலையும் ஒன்றாக இருந்தன. வெக்கையில் எல்லோரும் நனைந்து போனார்கள்.

"இதில ஒரு கோடு பிழைச்சுப் போச்சு" என்று சாம்பவி ஓரிடத்தைக் காட்டினாள். "பக்கத்து வட்டத்துக்குப் போக வேண்டியது. நான் தாண்டிக் கீறிப்போட்டன். பக்கத்தில சாமியின்ர பேர் கிடக்கு, அழிக்கவும் பயம்."

பிரசாந் குனிந்து பார்த்தான். "எனக்கு எல்லாக் கோடும் சரி மாதிரித்தான் கிடக்கு. இது எங்கட மெற்றோ வரைபடம் மாதிரி இல்லையோ? இன்னும் கட்டி முடியாத மெற்றோ."

அவள் சிரித்த சிரிப்பில் கத்தி கையிலிருந்து வழுக்கியது. நல்லகாலம், தாளில் படவில்லை.

பரீட்சை நடந்த கட்டடம் பழைய மடம் ஒன்று. நடுவில் முற்றம், சுற்றிவர மேலே இரண்டு தட்டுத் தாழ்வாரங்கள். மண்டபத்தில் அந்த நீளத்தை விரிக்க மேசை இல்லை, சுவரும் இல்லை. பேராசிரியை முற்றத்தைப் பார்த்தார், மேல் தாழ்வாரத்தைப் பார்த்தார். "அங்கிருந்து இறக்கினால் என்ன?" என்றார்.

இறக்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். பட்டுச்சீலையில் வந்திருந்த புஸ்பவதியும் யோகாம்பாளும் புனிதமலரும் மேலே ஏறிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தாளின் தலைப்பைப் பிடித்தார்கள். பிரசாந் அடிப்பக்கத்தில் மரச்சட்டம் ஒன்று பூட்டியிருந்தான். "மெல்ல… மெல்ல விடுங்கோ அன்ரி" என்று அவன் கீழிருந்து சொல்லச் சொல்ல, அவர்கள் சுருளைக் கை மாற்றி மாற்றி விட்டார்கள். காற்று இல்லை. தாள் நேராக இறங்கியது. கடைசி வட்டம் முற்றத்துக் கல்லைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பல மாதமாக மல்லாந்து கிடந்த முகம் இப்போது நிமிர்ந்து நின்றது.

"எழும்பீட்டார்!" என்று மேலிருந்து யோகாம்பாள் கத்தினாள். முற்றத்தில் அது எதிரொலித்தது. பரீட்சைக் குழுவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் சிரித்தார்கள்.

சாம்பவி தாளின் கீழே நின்று விளக்கினாள். முதல் நிமிடம் சொற்கள் தடக்கின, பிறகு பேச்சு நிற்காமல் ஓடியது. குழுவில் இருந்த முதியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பிரதியில் பிழை ஏதும் உண்டா என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை. அந்தக் கோட்டைக் காட்டினாள், ஏன் அழிக்கவில்லை என்றும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

குழு உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பேசியது. மேலே நின்ற மூன்று பெண்களுக்கும் விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அவர்கள் விடவில்லை. "கை விறைக்குது" என்று யோகாம்பாள் சொல்ல, "விட்டிராதை யோகம், கதை முடியட்டும்" என்றாள் புஸ்பவதி. கதவு திறந்தது. முழுப் புள்ளியும், அதற்கு மேல் ஒரு பாராட்டும். சாம்பவியின் தலையில் தோழிகள், பட்டம் பெற்றவர்களுக்குச் சூட்டும் லாரல் இலைமாலையை வைத்தார்கள். ஞானசேகரம் மூக்கைச் சிந்துவதற்குத் தூணுக்குப் பின்னால் போனார்.

வெளியில் வந்ததும் புஸ்பவதி யோகாம்பாளின் காதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கக் கேட்டாள்: "அப்ப எப்ப நாள் பாப்பம்?"

"அன்ரி, முதல்ல நானும் அவரும் கொஞ்சம் கதைக்கவேணும்" என்றாள் சாம்பவி.

"கதையுங்கோ. ஆர் வேண்டாமெண்டது? நாங்கள் போய்ச் சமையலைப் பாக்கிறம்."

சாம்பவியும் பிரசாந்தும் கால்சாவைத் தாண்டிக் கடற்கரைப் புல்வெளிவரை நடந்தார்கள். இலைமாலையைக் கண்டு வழியில் போனவர்கள் எல்லாம் "ஆகுரி, தொத்தொரெஸ்ஸா!" என்று புதுப் பட்டதாரியை வாழ்த்தினார்கள். ஒரு கடையில் பன்னுக்குள் ஐஸ்கிரீம் வாங்கி, கரையோரக் கல்லில் உட்கார்ந்தார்கள்.

"நான் இதோட நிப்பாட்டப் போறேல்லை" என்றாள் சாம்பவி. "மேல படிக்கக் கேட்டு எழுதியிருக்கிறன். கிடைச்சால் வடக்க போகவேணும். அந்தச் சுருள் இருக்கிற ஊருக்கு. மூண்டு வருசமாகும். இப்பவே சொல்லிப்போட்டன்."

பிரசாந் வழிந்த ஐஸ்கிரீமை விரலால் துடைத்தான். "அங்கையும் வெயில் காலம் வருமோ?"

"வரும். ஏன்?"

"வெயில் வந்தால் ஏசி பழுதாகும். எனக்கு எந்த ஊரெண்டாலும் ஒண்டுதான்."

சாம்பவி தன் ஐஸ்கிரீமை முடித்தாள். பிறகு, தமிழை அவனிடம் இன்னும் ஒழுங்காகப் படிக்கவேண்டும், அவனுடைய இத்தாலிய மொழியைத் தான் திருத்தவேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கலாமா என்று கேட்டாள். தொடங்கலாம் என்றான்.

மேல்படிப்புக்கு இடம் இலையுதிர் காலத்தில் கிடைத்தது. தை மாதத்தில் கலியாண எழுத்து, அதாவது பதிவு, நடந்தது. மாசியில் இருவரும் இரண்டு பெட்டியோடும் ஒரு புட்டுக் குழலோடும் வடக்கே ரயில் ஏறினார்கள்.